கையைக் கடிக்காத விலையில் கிடார் செய்யும் கைக்கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு மொட்டை மாடியில் ஒரு பழைய மேசையை வைத்துக்கொண்டு கிடார் செய்கிறவன் நான். பார்க்க வருகிற நண்பர்கள் கிடாரைப் பற்றிக் கேட்பதைவிடக் கருவிகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். என்ன வாங்குவது, எதை நாமே செய்துகொள்வது, எதில் கஞ்சத்தனம் கூடாது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வேறு மாதிரி சொல்லாத இடங்களில், இரும்புக் கம்பி போட்ட, 648 மில்லிமீட்டர் கம்பி நீளம் (கம்பியில் அதிரும் பகுதியின் நீளம்) உள்ள சாதாரண அக்கூஸ்டிக் கிடாரை மனதில் வைத்துப் படியுங்கள்.

மின்கருவி எதுவும் இல்லாமல் நிஜமாகவே கிடார் செய்ய முடியுமா?

முடியும். இன்றைய கிளாசிக்கல் கிடாருக்கு உருவம் கொடுத்தவர் ஸ்பெயினின் அல்மேரியா பகுதியைச் சேர்ந்த அந்தோனியோ டி டோரஸ் (1817–1892). அவர் காலத்துப் பட்டறையில் மின்சாரம் ஏது? ஒலிக்கு மேற்பலகைதான் முக்கியம் என்று காட்டுவதற்காக 1862இல் பின்புறத்தையும் பக்கங்களையும் அட்டையில் செய்து ஒரு கிடார் கட்டினார். அதுவும் கைவேலைதான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். பலாமரக் கட்டையை உளியாலேயே குடைந்து குடமாக்குகிறார்கள்.

பலகையை மெல்லியதாக்குவது கையால் செய்தால் நேரம் பிடிக்கும், தோள் வலிக்கும். மற்றபடி பெரிய இழப்பு கிடையாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு ட்ரில் மெஷின் இருந்தால் கம்பியை முறுக்கும் ஆணிகளுக்கான துளைகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கையால் சுற்றும் ட்ரில்லே போதும்.

எதில் செலவு செய்வது, எதில் மிச்சம் பிடிப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நான் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் பார்க்கிறேன்: அரை மில்லிமீட்டர் தவறினால் அந்த இடத்தில் என்ன ஆகும்?

உடம்பின் வளைவு 2 மில்லிமீட்டர் மாறினால் யாருக்கும் தெரியாது. கழுத்தின் பின்பக்கம் கொஞ்சம் தடித்தால் கை பழகிக்கொள்ளும். ஃப்ரெட் (விரற்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) இருக்கும் இடம், அதைப் பதிக்கும் காடியின் அகலம், நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) கம்பி உட்காரும் பள்ளத்தின் ஆழம் ஆகிய மூன்றும் அப்படியில்லை. அங்கே அரை மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம். அதனால் காசு போக வேண்டிய இடங்கள்: ஒரு நல்ல எஃகு ஸ்கேல், ஒரு மெல்லிய ரம்பம், கருவி தீட்டுவதற்கு வேண்டிய கல்லும் தாளும். மீதி எல்லாவற்றையும் மலிவாக வாங்கலாம், பழையதாக வாங்கலாம், நாமே செய்யலாம்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை கூடிய இழைப்புளியை வாங்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து ஃப்ரெட் குறிக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மாதக்கணக்கில் உழைத்த கிடார் சுருதி சேராமல் போகிறதே!

சரி, ஆரம்பப் பட்டியல் என்ன?

இழைப்புளி ஒன்று. 6, 12, 25 மில்லிமீட்டர் உளிகள் மூன்று. கொட்டாப்புளி. ஃப்ரெட்டுக்கு மெல்லிய ரம்பம், மற்ற அறுப்புகளுக்குச் சாதாரணக் கை ரம்பம், வளைவுகளுக்குக் கம்பி போன்ற பிளேடு மாட்டும் கோப்பிங் ரம்பம். முரட்டுப் பற்கள் உள்ள மர அரமான அரைவட்ட ராஸ்ப் ஒன்று, தட்டை அரம் ஒன்று. 600 மில்லிமீட்டர் எஃகு ஸ்கேல், மூலைமட்டம், வெர்னியர். சுரண்டுதகடு. தீட்டுக்கல். அப்புறம் கையில் கிடைக்கிற க்ளாம்புகள் எல்லாம்.

இத்தனையையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். வேலை எந்தக் கட்டத்துக்கு வருகிறதோ அந்தக் கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கழுத்தைச் செதுக்கும் நாள் வரும்வரை ராஸ்ப் எதற்கு?

இரும்பு இழைப்புளி வாங்குவதா, ஆசாரிகள் வைத்திருக்கும் மர இழைப்புளி வாங்குவதா?

பணம் குறைவு என்றால் யோசிக்காமல் மர இழைப்புளி வாங்குங்கள். கட்டை, அலகு உள்ள இரும்பு, அதை இறுக்கும் ஆப்பு, இவ்வளவுதான் அதில் இருப்பது. இரும்பை லேசாகத் தட்டினால் அலகு வெளியே வரும். கட்டையின் பின்பக்கத்தில் தட்டினால் பின்வாங்கும். ஒரு வாரம் பழகினால் கை தானாகச் செய்யும். அடிப்பாகம் தேய்ந்தால் உப்புத்தாளில் தேய்த்தே சமப்படுத்திவிடலாம்.

இரும்பு இழைப்புளியில் மலிவானதை எடுத்தால் கடையிலிருந்து வந்த கையோடு வேலை செய்யாது. அடிப்பாகம் பெரும்பாலும் சமமாக இருக்காது. அதைச் சரிசெய்ய, கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுக் கண்ணாடி ஒன்று கேட்டு வாங்குங்கள். கிரானைட் கடையின் ஓரத்தில் கிடக்கும் பாலிஷ் போட்ட துண்டும் ஆகும். அதன்மேல் 120 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டுங்கள். இழைப்புளியின் அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். இரும்பை உள்ளே இழுத்து, ஆனால் இறுக்கிய நிலையிலேயே வைத்து, முன்னும் பின்னும் தேயுங்கள். கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். முன்விளிம்பு, வாய்ப்பகுதி, பின்விளிம்பு ஆகிய மூன்று இடத்திலும் கோடு அழிந்துவிட்டால் போதும். நடுவில் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை.

சரியாகிவிட்டதா என்று பார்க்க கிடாரே ஒரு சோதனை தருகிறது. மேற்பலகை இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்வது. இரண்டு பாதியின் விளிம்பையும் இழைத்து, ஒன்றோடொன்று சேர்த்து, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். இணைப்பில் ஒரு முடி அளவுக்குக்கூட வெளிச்சம் வரக்கூடாது. வந்தால் மறுபடி இழையுங்கள். பசையை ஊற்றி, க்ளாம்பால் நெரித்து அந்த இடைவெளியை மூடப் பார்க்காதீர்கள். வெயில் காலத்தில் அந்த இடம்தான் முதலில் பிளக்கும்.

உளி எங்கே வாங்கலாம்?

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நடுத்தர விலை உளி போதும். ஊரில் கொல்லர் பட்டறை இருந்தால் இன்னும் நல்லது. லாரியின் பழைய வில்பட்டை நல்ல எஃகு. அதில் அடித்துக் கொடுக்கும் உளி கூர்மையை நன்றாகத் தாங்கும். அகலத்தை மில்லிமீட்டரில் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். சந்தையில் பழைய உளியைப் பார்த்தால் கைப்பிடியைப் பார்க்காதீர்கள், பிடியை மாற்றிக்கொள்ளலாம். உளியின் தட்டைப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே ஆழமான துருக்குழிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். எவ்வளவு தீட்டினாலும் அந்தக் குழி கூர்முனையில் ஒரு பல்லாக வந்து நிற்கும்.

கருவி தீட்டுவதற்கு விலை உயர்ந்த கற்கள் வேண்டுமா?

வேண்டாம். ஒருபக்கம் முரடும் மறுபக்கம் மென்மையுமாக இருக்கும் சாதாரண எண்ணெய்க்கல் சில நூறு ரூபாய்தான். அதோடு நான் சொன்ன அதே கண்ணாடித் துண்டும், 400, 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரும் இருந்தால் போதும்.

முதலில் உளியின் தட்டைப் பக்கத்தை, கடைசி ஓர் அங்குலமாவது, கண்ணாடி போல ஆகும்வரை தேயுங்கள். இது உளிக்கு ஒருமுறை செய்யும் வேலை. பலர் இதைத் தவிர்த்துவிட்டு, "எவ்வளவு தீட்டியும் வெட்டவில்லை" என்கிறார்கள். பிறகு சாய்ந்த பக்கத்தை 25 டிகிரியில் தீட்டுங்கள். பின்பக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். பிசிறு அலகு முழுவதும் வந்துவிட்டதென்றால் அந்தத் தாளின் வேலை முடிந்தது, அடுத்த நம்பருக்குப் போகலாம். கடைசியில் 30 டிகிரிக்குத் தூக்கி நாலைந்து இழுப்பு, பின்பக்கம் படுக்கவைத்து ஓர் இழுப்பு, பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு.

வெட்டுகிறதா என்று எப்படித் தெரியும்? மென்மரத்தின் முனைப்பக்கத்தை, அதாவது ரேகை வெட்டுப்படும் பக்கத்தை, கையால் மட்டும் தள்ளிச் சீவுங்கள். சீவிய இடம் பளபளவென்று இருந்தால் கூர் வந்துவிட்டது. பொடிப்பொடியாக உதிர்ந்து வெளுத்துத் தெரிந்தால் இன்னும் தீட்ட வேண்டும். மெல்லிய மரத்தில் வேலை செய்யும்போது மழுங்கிய உளிதான் ஆபத்தானது. வெட்டாது, வழுக்கும், பலகையைப் பிளக்கும்.

ஃப்ரெட் காடிக்கு ஆக்சா பிளேடு போதாதா?

என் முதல் கிடாரில் அப்படித்தான் செய்தேன். ஃப்ரெட் கம்பியின் அடித்தண்டு சுமார் 0.5 மில்லிமீட்டர் தடிமன். அதன் பக்கங்களில் சிறு முள் போன்ற புடைப்புகள் இருக்கும். காடி 0.58 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அந்த முட்கள் மரத்தைக் கவ்விப் பிடிக்கும். ஆக்சா பிளேடின் பற்கள் இருபக்கமும் விலகி நிற்பதால் காடி அதைவிட நன்றாக அகன்றுவிடும். கவ்வ மரம் இருக்காது. என் ஃப்ரெட்டுகள் பசையின் தயவில் நின்றன. அக்னி நட்சத்திரம் வந்தபோது 5ஆவது ஃப்ரெட்டின் ஓரம் மேலே எழும்பியது, பிறகு 7ஆவது. கம்பி இரைய ஆரம்பித்தது.

இதற்கென்றே விற்கும் ஃப்ரெட் ரம்பம் இறக்குமதி என்றால் சில ஆயிரம் ஆகும். மூன்று நான்கு கிடார் செய்யும் எண்ணம் இருந்தால் வாங்கிவிடுங்கள், வீணாகாது. அந்த அளவுக்கு முடியாதென்றால், முதுகில் பித்தளைப் பட்டை வைத்த சிறிய ரம்பத்தை வாங்கி, அதன் பற்களின் விலகலைக் குறையுங்கள். எண்ணெய்க்கல்லை ரம்பத்தின் பக்கவாட்டில் தட்டையாக வைத்து, பற்களின் மேல் இருபக்கமும் சம எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை கழிவுத் துண்டில் ஒரு காடி அறுத்து, அதில் ஃப்ரெட் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். விரலால் அழுத்தியதுமே உள்ளே போனால் காடி அகலம். நாலைந்து உறுதியான தட்டுகளில் இறங்கி, குறடால் இழுத்தாலும் வர மறுத்தால் அதுதான் அளவு.

விரற்பலகைக்கு எடுத்த அதே மரத்தில் சோதியுங்கள். ஈட்டிமரத்தில் (ரோஸ்வுட்) சரியாக இறுகும் காடி தேக்கில் இறுகாது. ரம்பத்தின் பக்கத்தில் ஒரு மரச்சட்டத்தை ஒட்டி, 3 மில்லிமீட்டருக்குமேல் இறங்காதபடி தடுத்துவிட்டால் எல்லாக் காடியும் ஒரே ஆழத்தில் வரும்.

ஃப்ரெட் இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது? ஸ்கேலில் அப்படி என்ன இருக்கிறது?

கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் வரை உள்ள தூரம் வரும். மீதி நீளத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட். 648 மில்லிமீட்டருக்கு முதல் ஃப்ரெட் 36.4, இரண்டாவது 70.7, மூன்றாவது 103.1 மில்லிமீட்டரில் விழும். 12ஆவது ஃப்ரெட் சரிபாதியில், 324இல் வர வேண்டும். வந்தால் கணக்கு சரி.

ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் 0.3 மில்லிமீட்டர் ஒரே பக்கம் தவறினால் 12ஆவது ஃப்ரெட்டுக்குள் அது 3.6 மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். சுருதியில் அது கிட்டத்தட்ட 19 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. யார் காதுக்கும் கேட்கும். நட்டிலிருந்து அளந்து அரை மில்லிமீட்டர் தவறினால்கூட அந்த இடத்தில் 3 சென்ட்டுக்குள் நின்றுவிடும்.

ஸ்கேல் வாங்கும்போது அரை மில்லிமீட்டர்க் கோடுகள் பொறித்த எஃகு ஸ்கேலாகப் பாருங்கள். அச்சடித்த கோடு நாளடைவில் அழியும். நேராக இருக்கிறதா என்று கடையிலேயே சோதிக்கலாம். ஒரு தாளில் அதன் விளிம்பை ஒட்டிக் கூரான பென்சிலால் கோடு போடுங்கள். ஸ்கேலைப் புரட்டி, அதே விளிம்பை அதே கோட்டில் வைத்து மறுபடி போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றானால் நேர். நடுவில் பிரிந்தால் கோணல். மூலைமட்டத்துக்கும் இதே புரட்டும் சோதனைதான். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் செய்துவிட்டே வாங்குங்கள்.

நட் அரம் ஒரு செட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறதே?

ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் அரம் என்பதால் அந்த விலை. மாற்று வழி இருக்கிறது. இருசக்கர வாகன மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் ஒரு செட் வாங்குங்கள். அதன் தகடுகளில் தடிமன் மில்லிமீட்டரிலேயே எழுதியிருக்கும். மிக மெல்லிய கம்பிகள் இரண்டும் பொதுவாக 0.30, 0.41 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே தடித்த தகட்டை எடுத்து, விளிம்பில் முக்கோண அரத்தால் நெருக்கமாகச் சிறு பற்கள் வெட்டினால் அருமையான மெல்லிய ரம்பம் தயார். தடித்த கம்பிகளுக்கு, கேஸ் வெல்டிங் நாசில் சுத்தம் செய்யும் கம்பிகள் செட்டாகக் கிடைக்கும். ஒவ்வொன்றும் வட்டமான சிறு அரம்தான்.

ஆழம் போதுமா என்று பார்க்க, கம்பியை 2ஆவது, 3ஆவது ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி தெரிய வேண்டும். அதைத் தொட்டுவிட்டால் திறந்த கம்பி இரையும், நட்டை மாற்ற வேண்டிவரும். ஆகவே கடைசி இரண்டு மூன்று இழுப்புகளை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

சுரண்டுதகடு என்பது என்ன? உப்புத்தாள் போதாதா?

பழைய கை ரம்பத்தின் தகட்டிலிருந்து உள்ளங்கை அளவுக்கு வெட்டிய செவ்வகம்தான் அது. செலவே இல்லை. விளிம்பை அரத்தால் சதுரமாக்கி, கல்லில் மென்மையாக்கி, ஸ்க்ரூடிரைவரின் தண்டால் அழுத்தி உருட்டினால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி ஒன்று உருவாகும். இரு கட்டைவிரலாலும் தகட்டை லேசாக வளைத்துப் பிடித்துத் தள்ளுங்கள். வெங்காயத் தோல் போன்ற சீவல் வந்தால் கொக்கி சரி, தூள் வந்தால் மறுபடி உருட்ட வேண்டும். ஈட்டிமரத்தில் ரேகை அங்கங்கே திசை மாறும். இழைப்புளி பிய்த்துவிடும் அந்த இடங்களில்கூட இது பிய்க்காமல் சீவும். என்னிடம் இருக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

க்ளாம்ப் எத்தனை வேண்டும்?

எத்தனை இருந்தாலும் பத்தாது. சி க்ளாம்ப் நான்கு வாங்குங்கள், மீதியை இப்படிச் சமாளிக்கலாம். சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் நாடாவாக வெட்டி, மேற்பலகையையும் பக்கங்களையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினால் எல்லா இடத்திலும் சமமாக அழுத்தும். பஞ்சர் கடையில் பழைய ட்யூப் சும்மாவே கொடுப்பார்கள். உட்புறம் ஒட்டும் சிறு பட்டைகளுக்குத் துணி காயப்போடும் க்ளிப், அதன்மேல் ஒரு ரப்பர் பேண்ட். மரை போட்ட கம்பி, மர வில்லை, சிறகு நட் ஆகியவற்றை வைத்து ஓரங்களுக்கான க்ளாம்ப் இருபது முப்பது செய்துகொள்ளலாம்.

பக்கப் பலகைகளை வளைக்கத் தனிக் கருவி வேண்டுமா?

வைஸில் பிடித்த ஓர் இரும்புக் குழாய், உள்ளே சூடேற்ற ஹீட் கன். அவ்வளவுதான். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் வேண்டாம், சூட்டில் வரும் புகை கெடுதல். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு குதிக்க வேண்டும், அதுதான் பதம். பலகை 2 மில்லிமீட்டருக்கு இறங்கியிருந்தால் நனைத்து, குழாயின்மேல் அசைத்துக்கொண்டே இருங்கள். மரம் சட்டென்று இளகுவது கைக்குத் தெரியும். அதற்குமுன் அழுத்தினால் முறியும்.

பலகையின் நடுவில் தடிமனை எப்படி அளப்பது? வெர்னியர் எட்டவில்லையே?

முள் நகர்ந்து அளவு காட்டும் டயல் கேஜ் ஒன்றை வாங்கி, ப்ளைவுட்டில் வெட்டிய பெரிய 'ப' வடிவச் சட்டத்தின் ஒரு காலில் பொருத்துங்கள். எதிர்க்காலில் ஓர் உருண்டைத்தலை ஆணி. பலகையை நடுவே செருகி எங்கே வேண்டுமானாலும் அளக்கலாம். ஸ்ப்ரூஸ் என்ற மென்மரத்தில் மேற்பலகை என்றால் 2.8 முதல் 3 மில்லிமீட்டர் வரை வைத்துக்கொள்ளுங்கள். நைலான் கம்பி என்றால் 2.5க்குக் கீழேயும் போகலாம்.

கம்பி இழுவையில் கழுத்து வளையாமல் தாங்க உள்ளே போகும் ட்ரஸ் ராடு என்ற கம்பிக்குக் காடி எடுக்க, ரவுட்டர் என்ற மின்கருவி கட்டாயமா?

இல்லை. இரண்டு ஓரத்தையும் சட்டம் வைத்துக் கத்தியால் ஆழமாகக் கீறி, 6 மில்லிமீட்டர் உளியால் நடுவை எடுங்கள். ராடையே வைத்து வைத்து ஆழம் பாருங்கள். ஒரு முழு மாலை ஆகும். முதல் கிடாரை நைலான் கம்பிக்குச் செய்தால் இந்த வேலையே வேண்டாம், கம்பியின் இழுவை குறைவு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எந்த மரம் கைக்கருவிக்கு இணக்கம்?

கழுத்துக்கு மகோகனி இதமாகச் செதுக்க வரும். தேக்கில் மணல்தன்மை உண்டு, அலகு சீக்கிரம் மழுங்கும், எண்ணெய்ப் பசையும் இருப்பதால் ஒட்டுவதற்குமுன் துடைக்க வேண்டும். நம் ஈட்டி உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவின் மார்ட்டின் கிடார் நிறுவனம் 1969இல் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. ஆனால் கடினம், அடிக்கடி தீட்ட வேண்டும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். முகக்கவசம் போட்டுக்கொண்டே தேயுங்கள். எங்கே வாங்கினாலும் ரசீதோடு வாங்குங்கள்.

கடலோர ஊரில் கருவிகள் துருப்பிடிக்கின்றனவே?

வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒருமுறை துடைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துவிடும். விரல் பட்ட இடம்தான் முதலில் துருவேறும், அதனால் அலகின் தட்டைப் பக்கத்தைத் துடைக்க மறக்காதீர்கள். மறுநாள் மரத்தைத் தொடுவதற்குமுன் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது.